தீக்குப் பின் பூத்த மணிப்பூ எங்கே போயிற்று? விதை தூவலாமா?

மலையோரத்தான்:

அனைவருக்கும் வணக்கம். நான் தென் கலிபோர்னியாவில், சான்டா மோனிகா மலைத்தொடரின் வடக்கு ஓரத்தில் குடும்பத்தோடு வசித்து வருகிறேன். 2018 நவம்பர் 8 அன்று மூண்ட வூல்சி தீ 96,949 ஏக்கர் நிலத்தை எரித்தது. மூவர் இறந்தார்கள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. எங்கள் வீடு தப்பியது. ஆனால் வீட்டுக்குப் பின்னே எங்களுக்குச் சொந்தமான சரிவு முழுவதும் கரியாகிவிட்டது.

அந்தக் குளிர்காலத்தில் மழை நன்றாகப் பெய்தது. பங்குனி பிறந்தபோது, கரிக்கட்டைகளாக நின்ற புதர்களுக்கு நடுவே முழங்கால் உயரச் செடிகள் நூற்றுக்கணக்கில் எழுந்து, வெளிறிய மஞ்சள் நிறத்தில் சிறு மணிகளைத் தொங்கவிட்டிருந்தன. தொட்டால் கையில் பிசுபிசுவென்று ஒட்டும். மருந்துக்கடை வாசனை போன்ற ஒரு வாசனை வரும். எனக்கு மறக்க முடியாதது அதற்குப் பிறகு நடந்ததுதான். பூக்கள் வாடியும் உதிரவில்லை. ஆனி மாதத்தில் செடி முழுவதும் வைக்கோல் நிறமான பின்பும் இதழ்கள் மெல்லிய காகிதம்போல் காம்பிலேயே நின்றன. மாலையில் காற்று வீசும்போது சரிவெங்கும் ஒரு சலசலப்பு கேட்டது. எல்லாம் எரிந்துபோன இடத்திலிருந்து அப்படி ஓர் ஒலி வந்தது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பெரிய ஆறுதலாக இருந்தது.

அடுத்த ஆண்டு சில செடிகள் மட்டும் வந்தன. அதன் பிறகு ஒன்றுகூட இல்லை. இப்போது சரிவில் ஷமீஸ் புதர்கள் மறுபடி ஆள் உயரம் வளர்ந்து ஒன்றோடொன்று கை கோத்து நிற்கின்றன. 2019 கோடையில் உதிர்த்துவைத்த விதைகள் ஒரு காகித உறையில் என்னிடம் இருக்கின்றன. அவற்றோடு கடையில் விற்கும் காட்டுப்பூ விதைப் பொட்டலங்களையும் வாங்கி, மழைக்கு முன் சரிவிலும் அதை ஒட்டிய பூங்கா நிலத்திலும் தூவலாம் என்று எண்ணுகிறேன். இது சரியா? அந்தச் செடி ஏன் மறைந்தது? அதற்குத் தமிழில் பெயர் உண்டா?

புதர்க்காடன்:

நண்பரே, நீங்கள் சொல்லும் அடையாளங்கள் அனைத்தும் ஒரே செடியைத்தான் காட்டுகின்றன. அதன் தாவரவியல் பெயர் எம்மெனாந்தே பெண்டுலிஃப்ளோரா. அந்தப் பேரினத்தில் இருப்பது இந்த ஒரே இனம் மட்டுமே. ஜார்ஜ் பெந்தம் 1835இல் இதற்குப் பெயரிட்டபோது, நீங்கள் கவனித்த அதே பண்பைத்தான் கருதியிருக்கிறார்: கிரேக்க மொழியில் அது 'நிலைத்து நிற்கும் பூ' என்று பொருள்படும். 'பெண்டுலிஃப்ளோரா' என்றால் தொங்கும் பூவை உடையது. அங்குள்ள மக்கள் அதனை 'விஸ்பரிங் பெல்ஸ்' என்று அழைக்கிறார்கள்; அதாவது இரகசியம் பேசும் மணிகள். கலிபோர்னியா, அரிசோனா, நெவாடா, யூட்டா, மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியா ஆகியவை அதன் தாயகம். முளைப்பது குளிர்கால மழையில், பூப்பது வேனிலில், மடிவது கோடையில். ஓராண்டுச் செடி என்பதால் கிழங்கோ, அடுத்த ஆண்டு துளிர்க்கும் வேரோ அதற்குக் கிடையாது.

மறைந்துவிட்டது என்று சொல்லாதீர்கள். அது எங்கும் போகவில்லை. நீங்கள் சரிவில் நடக்கும்போது உங்கள் காலடியில்தான் இருக்கிறது. 2019இல் காற்றில் சலசலத்த ஒவ்வொரு காய்ந்த மணிக்குள்ளும் ஒரு விதைக்கூடு இருந்தது. அந்த விதைகள் மண்ணில் விழுந்து, ஒவ்வொரு மழைக்காலத்திலும் நனைந்து, ஒவ்வொரு கோடையிலும் உலர்ந்து, முளைக்காமல் காத்திருக்கின்றன. ஷாப்பரல் எனப்படும் இந்தப் புதர்க்காட்டில் ஒரு தீக்கும் அடுத்த தீக்கும் இடையே முப்பது ஆண்டுகள் செல்லலாம். நூறு ஆண்டுகளும் செல்லலாம். அத்தனை காலமும் அந்தச் செடியின் வாழ்க்கை விதையாகவே நடக்கிறது. நாம் 'செடி' என்று கண்ணால் காண்பது அதன் ஆயுளில் ஒரு சிறு இடைவேளைதான்.

தூவுவதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். அதுவரை தயவுசெய்து பொட்டலங்களை வாங்க வேண்டாம்.

தோட்டக்காரி:

தமிழில் பெயர் இருக்க வழியில்லை, ஏனென்றால் அது நம் மண்ணின் செடி அன்று. ஆயினும் நாம் பேசுவதற்கு ஒரு பெயர் தேவைப்படுகிறது. உயிரோடு இருக்கும்போது அல்லாமல் சருகான பின்பு ஒலிக்கும் மணி என்பதால், 'சருகுமணி' என்று அழைக்கலாமா?

மலையோரத்தான்:

மிகப் பொருத்தமான பெயர், அக்கா. என் மகளிடம் சொன்னேன். அன்று கேட்ட ஒலியே அந்தப் பெயரில் இருப்பதாகச் சொன்னாள்.

கொங்குக்காரன்:

ஓர் ஐயம். எங்கள் பக்கம் நாற்றங்கால்களில் வேல மரம், சுபாபுல் போன்றவற்றின் விதைகளைக் கொதிக்கவைத்து இறக்கிய நீரில் போட்டு ஊறவைத்த பிறகே விதைப்பது வழக்கம். விதையின் ஓடு அத்தனை கடினமானது. சூடு பட்டால்தான் நீர் உள்ளே இறங்கும். சருகுமணியும் அப்படித்தானா? அதாவது, தீயின் வெப்பம் ஓட்டைப் பிளந்து முளைக்கவைக்கிறதா?

புதர்க்காடன்:

நல்ல கேள்வி, ஐயா. பலரும் அப்படித்தான் எண்ணுகிறார்கள், அதனால் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

ஷாப்பரலில் இரண்டு வகையான விதைகளும் உண்டு. நீங்கள் சொன்ன வேல மர விதையைப்போல் நீர் புகாத ஓடு உடையவை அங்கே ஏராளம்: அவரைக் குடும்பச் செடிகள், நீலப் பூக்கொத்துகள் உடைய சியனோதஸ் புதர்கள் ஆகியவை அவ்வகை. தீயின் வெப்பம் அவற்றின் ஓட்டில் வெடிப்பை உண்டாக்குகிறது. பிறகு வரும் மழையில் நீர் இறங்கி அவை முளைக்கின்றன. சருகுமணி அவ்வகை அன்று. உறங்கும் சருகுமணி விதையை நீரில் போட்டால் அது நீரை உறிஞ்சி ஊறும், ஆனாலும் முளைக்காது. சூடேற்றிப் பார்த்தாலும் எழாது. ஓடு பூட்டிக் கிடப்பதால் நேர்ந்த உறக்கம் அன்று அது என்பது இதிலிருந்தே தெரிகிறது.

1977இல் டொனால்ட் விக்லோ என்பவர் கருகிய மரத்துண்டுகளோடு சேர்த்துவைத்தால் இந்த விதை முளைக்கிறது என்று காட்டினார். அதற்குப் பிறகு 1990இல் தென்னாப்பிரிக்காவில் டி லாங்கே, புஷே இருவரும் அந்நாட்டு ஃபைன்போஸ் புதர்நிலச் செடி ஒன்றின் விதைகள் புகை பட்ட மாத்திரத்தில் முளைப்பதை வெளியிட்டார்கள். தீயைச் சார்ந்த நிலங்களை ஆராய்ந்த எல்லோருடைய கவனமும் அதன் பின்னரே வெப்பத்திலிருந்து புகைக்குத் திரும்பியது. ஜான் கீலியும் ஃபாதரிங்காமும் 1997இல் சருகுமணியை எடுத்துக்கொண்டு செய்த ஆய்வு இன்றும் பேசப்படுவது: சிறிதும் முளைக்காமல் கிடந்த விதைகள், ஒரே நிமிடம் புகை பட்டதும் முழுமையாக முளைத்தன. புகையில் இருக்கும் நைட்ரஜன் டை ஆக்சைடு வாயு மட்டும் தனியாகவே அந்த வேலையைச் செய்தது. அதைவிட வியப்பானது ஒன்றும் உண்டு. விதைமேல் புகை நேராகப் படவேண்டும் என்றுகூட இல்லை. புகையேறிய மணலின் மேல் வைத்தாலும், புகையேறிய நீரை ஊற்றினாலும் போதுமானதாக இருந்தது.

இதனை நிலத்தில் வைத்து எண்ணிப் பாருங்கள். மண் வெப்பத்தை எளிதில் கடத்தாது. மேலே புதர் கொழுந்துவிட்டு எரியும்போது சில விரற்கடை ஆழத்தில் கிடக்கும் விதைக்குச் சூடு பெரிதாகத் தெரிவதில்லை. ஆனால் புகையும் கரியும் மண் துகள்களில் படிந்துவிடுகின்றன. வாரங்கள் கழித்து வரும் முதல் மழை அவற்றைக் கரைத்துக் கீழே இறக்குகிறது. ஆக, தீ எரிந்து முடிந்தது என்ற செய்தியும், நீர் வந்துவிட்டது என்ற செய்தியும் ஒரே துளியில் விதையைச் சென்று சேர்கின்றன.

புகையில் வேறு பொருள்களும் இருக்கின்றன. 2004இல் மேற்கு ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் புகையிலிருந்து பிரித்தெடுத்த ஒரு சேர்மத்துக்கும் சருகுமணி விதை முளைத்தது. அவ்வகைச் சேர்மங்களுக்கு, அப்பகுதியின் பூர்வகுடிகளான நூங்கார் மக்கள் புகையைக் குறிக்க வழங்கிய 'கரிக்' என்ற சொல்லைக்கொண்டு 'கேரிகின்' என்று பெயர் வைத்தார்கள்.

பழைய மாணவி:

புதர்க்காடன் எழுதியதற்கு முந்தைய ஒரு கதையையும் சேர்க்க விரும்புகிறேன். நான் தாவரவியல் படித்த காலத்தில் எங்களுக்கு வேறொரு விளக்கம் சொல்லித்தரப்பட்டது. புதர்களின் இலைகளிலிருந்து கசியும் நச்சுப் பொருள்கள் மண்ணில் சேர்ந்து மற்ற விதைகளை முளைக்கவிடாமல் அடக்கிவைக்கின்றன, தீ அந்த நச்சை எரித்துவிடுவதால் விதைகள் விடுதலை பெறுகின்றன என்பதே அது. 1960களில் சான்டா பார்பராவில் சி. எச். முல்லர் முன்வைத்த கருத்து அது; புதர்களைச் சுற்றிலும் புல் முளைக்காமல் வெறிச்சென்று கிடக்கும் வட்டங்களை அவர் சான்றாகக் காட்டினார். 1970இல் புரூஸ் பார்த்தலோமியூ என்பவர் அந்த வெற்றிடங்களில் கம்பிவலைக் கூண்டுகளை வைத்தார். கூண்டுக்குள் செடிகள் முளைத்து வளர்ந்தன. வெளியே வளராமற்போனதற்குப் பெருங்காரணம் எலிகளும் முயல்களும்தான்: பருந்துக்கு அஞ்சிப் புதரைவிட்டு அதிக தூரம் போகாத அவை, புதரோரத்தில் தலைகாட்டும் ஒவ்வொரு தளிரையும் மேய்ந்துவிடுகின்றன.

இதை நான் எழுதுவதற்குக் காரணம், சருகுமணி ஏன் தீயையே தேர்ந்துகொண்டது என்பதற்கு இதில் பாதி விடை இருக்கிறது என்பதுதான். தீக்குப் பின் நிழல் இல்லை, போட்டியிடும் வேர்கள் குறைவு, சாம்பலில் சத்து உண்டு. மேய்கிற வாய்களும் அந்த ஒரு வேனிலில் மிகக் குறைவு. மென்மையான ஓராண்டுச் செடி ஒன்று அடர்ந்த புதரின் அடியில் முளைத்தால் விதை கட்டும் வரை உயிரோடு இருப்பதற்கே வழியில்லை. எனவே முளைக்காமல் காத்திருப்பது அதற்குச் சோம்பல் அன்று. உயிர் காக்கும் வழி.

பாலைப்பயணி:

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. நான் அரிசோனாவில் இருக்கிறேன். மழை நன்றாகப் பெய்த ஆண்டுகளில் சோனோரன் பாலையிலும் மொஹாவி பாலையிலும் நடக்கச் செல்வேன். கற்சரிவுகளிலும் வறண்ட ஓடைப் படுகைகளின் ஓரத்திலும் இதே செடியை, இதே தொங்கும் மணிகளோடு, என் கண்ணால் கண்டிருக்கிறேன். அங்கே தீயும் இல்லை, கரியும் இல்லை, புகையும் இல்லை. தீ வந்தால்தான் முளைக்கும் என்றால், பாலையில் அது எப்படி முளைத்தது?

புதர்க்காடன்:

உங்கள் கண் பொய் சொல்லவில்லை, நண்பரே. நான் 'சருகுமணி புகைக்குத்தான் முளைக்கும்' என்று பொதுவாக எழுதியது பிழை. 'ஷாப்பரலில் வாழும் சருகுமணி' என்று எழுதியிருக்க வேண்டும், திருத்திக்கொள்கிறேன்.

இனம் ஒன்றுதான். ஆனால் இரண்டு வேறு நிலங்களில் நெடுங்காலம் வாழ்ந்ததால் விதையின் குணம் வேறுபட்டுவிட்டது. பாலையில் செடிக்கும் செடிக்கும் நடுவே வெற்று மண் கிடக்கும். தீ பரவ அங்கே விறகு இல்லை. புகைக்காகக் காத்திருக்கும் விதை அங்கே காத்திருந்தே அழியும். ஆகவே அங்குள்ள விதைகள் தீயை எதிர்பாராமல், மழையைப் பார்த்தே முளைக்கின்றன. புதர்க்காட்டில் நிலைமை நேர்மாறானது: அங்கே மழை ஒவ்வொரு குளிர்காலமும் வரும், ஆனால் வெளிச்சம் வருவதில்லை. மழையை நம்பி முளைத்த விதை புதரின் நிழலில் வீணாகும். பாலையில் அரிதானது நீர். புதர்க்காட்டில் அரிதானது திறந்தவெளி. ஒவ்வொரு நிலத்திலும் எது அரிதோ, அதன் வருகையை அறிந்துகொள்ளும் திறனே விதைக்குள் நிலைபெற்றிருக்கிறது.

மலையோரத்தான் இப்போது கவனிக்க வேண்டும். விதைப் பொட்டலம் வேண்டாம் என்று நான் சொன்னதன் காரணம் இதுவே. பொட்டலத்தில் இருக்கும் விதை எந்த நிலத்தில் திரட்டப்பட்டது என்பது உங்களுக்குத் தெரியாது. எளிதாக முளைக்கிற விதையைத்தான் வாங்குவோர் விரும்புவார்கள். அத்தகைய விதையை உங்கள் சரிவில் தூவினால் அது முதல் மழையிலேயே முளைத்து, நிழலில் நலிந்து, எலிக்கு இரையாகும். ஒருவேளை சில செடிகள் பிழைத்து, பிற்காலத்தில் உங்கள் சரிவின் செடிகளோடு மகரந்தம் கலந்தால், காத்திருக்கும் குணமே அந்த விதைகளில் நீர்த்துப்போகக்கூடும்.

மேலும், பூங்கா நிலத்தில் எதையும் தூவுவதோ அங்கிருந்து விதை எடுப்பதோ அனுமதியின்றிச் செய்யத்தக்கது அன்று. வூல்சி தீயில் அம்மலைத்தொடரில் உள்ள தேசியப் பூங்காத் துறை நிலத்தில் ஏறக்குறைய 88 விழுக்காடு எரிந்தது. அத்தனை பரப்பும் யாரும் விதைக்காமலே 2019இல் பூத்தது என்பதை நீங்களே பார்த்தீர்கள்.

மலையோரத்தான்:

நன்றி. மனத்தில் ஒன்று மட்டும் உறுத்துகிறது. மண்ணரிப்பைத் தடுப்பதற்காக எரிந்த மலைகளில் அரசே முன்பு விமானத்திலிருந்து விதை தூவியதாக இங்குள்ள முதியவர் ஒருவர் சொன்னார். வல்லுநர்கள் செய்ததை நான் சிறிய அளவில் செய்தால் என்ன தீங்கு?

பழைய மாணவி:

தூவினார்கள் என்பது உண்மை. 1940களிலிருந்து பல பத்தாண்டுகள், எரிந்த ஷாப்பரல் மலைகளில் ரைகிராஸ் என்னும் புல்லின் விதையை டன் கணக்கில் வானிலிருந்து தூவினார்கள். அது ஐரோப்பியப் புல். விரைவாக முளைக்கும், மலிவாகக் கிடைக்கும். வீடுகள் சேற்றில் புதையாமல் காக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் செய்யப்பட்டது. ஆனால் பெருமழை பெரும்பாலும் புல் வேர் பிடிப்பதற்கு முன்பே வந்துவிட்டதால், மண்ணைக் காக்கும் நோக்கம் நம்பத்தகுந்த அளவில் நிறைவேறவில்லை. புல் நன்றாக வளர்ந்த இடங்களிலோ, சருகுமணி போன்ற உள்நாட்டுச் செடிகள் நெருக்கப்பட்டுக் குறைந்தன. எண்ணிப் பாருங்கள்: பல பத்தாண்டுகள் காத்திருந்த விதைக்கு வாழக் கிடைத்தது ஒரே ஒரு வேனில். அந்த வேனிலில் இடத்தைப் பறித்துக்கொண்டால், அடுத்த தீ வரையிலான விதைச் சேமிப்பையே நாம் பறித்துக்கொள்கிறோம்.

சான் டியேகோ மாவட்டத்தில், மெக்சிகோ எல்லையோரமாக ஒட்டாய் மலை இருக்கிறது. 1979இல் அது எரிந்தது, ரைகிராஸ் தூவப்பட்டது. அந்தப் புல் காய்ந்து, பற்றிக்கொள்ளத் தோதான விறகாகி, 1980இல் அதே நிலம் மறுபடியும் எரிந்தது. முதல் தீக்குப் பின் முளைத்து ஒரு வயதுகூட நிறையாத சியனோதஸ் நாற்றுகள், ஒரு விதையும் கட்டாத நிலையில் ஏறக்குறைய முற்றாக மடிந்தன. ஷமீஸ் புதர்களும் வெகுவாகக் குறைந்தன. பால் ஸெட்லரும் உடன் ஆய்ந்தவர்களும் 1983இல் இதனை வெளியிட்ட பிறகு, புல் தூவுவதை நியாயப்படுத்துவது கடினமாயிற்று. இந்த ஒரு நிகழ்வை அறிந்த நாளிலிருந்து, எரிந்த மலையைப் பார்த்து 'ஏதாவது செய்ய வேண்டுமே' என்று மனம் பதைக்கும்போதெல்லாம் நான் அடக்கிக்கொள்கிறேன்.

கொங்குக்காரன்:

அப்படியானால், தீயே அந்த நிலத்துக்கு நல்லது என்று கொள்ளலாமா? தீயை அணைக்காமல் விட்டாலோ, அடிக்கடி எரித்தாலோ சருகுமணி பெருகுமல்லவா?

புதர்க்காடன்:

இந்த முடிவுக்கு வருவதைத்தான் நான் அஞ்சினேன், ஐயா. சருகுமணி தீக்குப் பழகிய செடி என்று சொல்வது பாதி உண்மைதான். நீண்ட இடைவெளியில் வரும், புதரோடு சேர்ந்து கொழுந்துவிட்டெரியும் ஒரு தீக்குத்தான் அது பழகியிருக்கிறது. அந்த இடைவெளி தீயைப்போலவே அதற்கு இன்றியமையாதது.

அடர்ந்த புதர்க்காடு எரியும்போது தரையில் வெப்பம் மிகுதி. அந்த வெப்பத்தில், மண்ணின் மேலே கிடக்கும் அயற்புற்களின் விதைகள் பெரும்பாலும் அழிகின்றன. புதைந்து கிடக்கும் உள்நாட்டு விதைகள் தப்புகின்றன. முதல் வேனில் உள்நாட்டுச் செடிகளுக்கே உரியதாக இருப்பதற்கு இதுவே காரணம். ஆனால் ஐந்து ஆண்டுக்கொரு முறை, பத்து ஆண்டுக்கொரு முறை எரிந்தால் புதர்கள் தேறுவதற்குள் மடிகின்றன. இடையிடையே சிவப்பு புரோம் புல், காட்டு ஓட்ஸ் புல், கறுப்புக் கடுகு போன்ற மத்தியதரைக்கடல் நாடுகளின் களைகள் நுழைகின்றன. புல்லில் பற்றும் தீ விரைந்து ஓடும், சூடு குறைவு, புல்லின் விதைகள் அதில் பிழைத்துவிடும். பிறகு புல் எரிய, எரிந்த இடத்தில் மேலும் புல் வளர, அந்த மலை ஒரு நாள் புல்மேடாகிவிடும். அடர்ந்த புல்லுக்குள் சருகுமணிக்கு முளைக்கும் இடம் ஏது? ஊர்தி நெரிசல் மிகுந்த நகரங்களின் புகையிலிருந்து மண்ணில் படியும் நைட்ரஜனும் உரம்போலப் புல்லுக்கே துணைபோகிறது.

பாலைப்பயணியின் நிலத்திலும் இது தொடங்கிவிட்டது. செடிகளுக்கு இடையே வெற்று மண்ணாக இருந்த மொஹாவியில் இப்போது சிவப்பு புரோம் தொடர்ந்து படர்ந்து தீக்குப் பாலம் போடுகிறது. 2020 ஆகஸ்டில் சிமா குன்றுப் பகுதியில் பற்றிய டோம் தீ 43,000 ஏக்கருக்கு மேல் எரித்தது. சுமார் 13 இலட்சம் யோசுவா மரங்கள் அதில் அழிந்தன என்று மதிப்பிட்டார்கள். தீயை அறியாத அந்த மரங்களுக்கு அதிலிருந்து மீளும் வழி மிகக் குறைவு.

சான்டா மோனிகா மலைகளில் மின்னலால் தீப்பிடிப்பது மிக அரிது. ஏறக்குறைய எல்லாத் தீயும் மனிதரால், மனிதர் இழுத்துவந்த மின்கம்பிகளால் மூள்பவை. அங்கே தீ குறைவாக இருக்கிறது என்று யாரும் கவலைப்படத் தேவையில்லை.

பாலைப்பயணி:

டோம் தீ எரித்த நிலத்தை நான் பார்த்திருக்கிறேன். அதைப் பற்றி எழுத இன்னும் என்னால் முடியவில்லை. என் எதிர்ப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

பழைய மாணவி:

ஒரு சிறு சேர்க்கை மட்டும், அந்நிலத்தின் பூர்வகுடிகளை நாம் மறந்துவிடக் கூடாது என்பதற்காக. சூமாஷ், டோங்வா, குமியாய் மக்கள் தீயைத் தெரிந்தே கையாண்டவர்கள். ஊரை ஒட்டிய புதர்களை எரித்துத் திறந்தவெளியாக வைத்து, அங்கே மிகுதியாக முளைக்கும் சியா போன்ற செடிகளின் விதைகளைத் திரட்டி உணவாக்கினார்கள். 1793இல் ஸ்பானிய ஆளுநர் அர்ரிலாகா அந்த எரிப்பைத் தடைசெய்து ஆணை பிறப்பித்தார். எந்த இடத்தை, எப்போது, எத்தனை ஆண்டுக்கொரு முறை எரிப்பது என்று அறிந்திருந்த கைகளின் தீயும், காய்ந்த புல்லில் விழும் ஒரு பொறியும் ஒன்றல்ல.

தோட்டக்காரி:

மலையோரத்தான் தம்பி, உங்கள் உறையில் இருப்பது உங்கள் சரிவின் சொந்த விதை. அது பெருஞ்செல்வம். அதில் இரண்டு சிட்டிகை மட்டும் எடுத்து, மகளோடு சேர்ந்து ஒரு சோதனை செய்து பாருங்கள்.

இரண்டு மண் தட்டுகளில் ஆற்றுமணலைப் பரப்புங்கள். ஒன்றை அப்படியே விட்டுவிடுங்கள். மற்றொன்றுக்குப் புகை ஏற்ற வேண்டும். தீ அபாயம் இல்லாத மழைநாளாகப் பார்த்து, மூடியுள்ள தகர அடுப்பில் காய்ந்த ஷமீஸ் சுள்ளிகளைக் கொளுத்தி, தழல் அடங்கிப் புகையத் தொடங்கியதும் அந்தப் புகையில் மணலைச் சிறிது நேரம் வைத்து எடுத்தால் போதும். அளவுக்கு மீறிப் புகை ஏற்றினால் விதை செத்துவிடும். இதில் கைப்பக்குவம் முக்கியம். சமையலுக்கு விற்கும் புகைச்சாற்றை நீரில் மிக மிகக் குறைவாகக் கலந்து ஊற்றுவோரும் உண்டு. நான் சுள்ளிப் புகையைத்தான் நம்புவேன். பிறகு இரண்டு தட்டுகளையும் ஒரே குளிரில், ஒரே ஈரத்தில் வையுங்கள்.

ஓர் எச்சரிக்கை. எரிந்த சரிவில் சருகுமணியோடு ஊதா நிறப் பூக்களுடன் வரும் பெரிய ஃபசீலியாச் செடியைக் குழந்தைகள் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதன் மயிர்களில் உள்ள பிசின் பட்டால் சிலருக்குத் தோல் கொப்புளித்துவிடும்.

மலையோரத்தான்:

இரண்டு மாதம் கழித்து எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அக்கா சொன்னபடியே செய்தோம். கார்த்திகையில் முதல் மழை பெய்த மறுநாள் மகள் சுள்ளிகளை ஒடித்துக் கொடுத்தாள், நான் புகை ஏற்றினேன். தட்டுகளின்மேல் 'புகை', 'நீர்' என்று அவளே எழுதி ஒட்டினாள்.

மூன்றாம் வாரத்தில் புகைத் தட்டு பச்சையானது. விதைத்தவற்றில் பெரும்பாலானவை முளைத்திருந்தன; இரண்டு விதையிலைகள் விரிந்து, அடுத்து வந்த இலையில் பல் பல்லாக வெட்டு தெரிகிறது. நீர்த் தட்டில் இன்றுவரை ஒன்றுமில்லை. ஒரே உறையிலிருந்து எடுத்த விதை, ஒரே மணல், ஒரே சன்னலோரம். 'அது செத்துவிட்டதா அப்பா?' என்று கேட்டாள். இல்லை, அதற்கு இன்னும் சேதி வரவில்லை என்றேன்.

விதைப் பொட்டலங்களை வாங்கவில்லை. அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல களைக்கொத்து வாங்கி, சரிவின் கீழ்விளிம்பில் சாலையிலிருந்து ஏறிவரும் கடுகையும் புரோம் புல்லையும் விதை கட்டும் முன் பிடுங்கத் தொடங்கியிருக்கிறோம். முளைத்த நாற்றுகள் தொட்டிக்கு மாறிவிட்டன. பங்குனியில் பூத்தால் படம் இடுகிறேன்.

நீர்த் தட்டின் மணலை நேற்று மாலை அப்படியே எடுத்துச் சென்று, உறையில் மீதமிருந்த விதைகளோடு சேர்த்து, 2019இல் அவை உதிர்ந்த அதே இடத்தில் ஷமீஸ் புதர்களின் அடியில் தூவிவிட்டு, மேலே கொஞ்சம் சருகை இழுத்து மூடினோம்.